லோ-கோடுக்குத் தாத்தா யாரு?

போன மாசம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். மடிக்கணினியைத் திறந்து வெச்சு, ஆபீசுக்காகச் செஞ்ச லீவு அப்ளிகேஷனைக் காட்டினான். ஊழியர் படிவத்தை நிரப்பினா மேனேஜருக்கு மெயில் போகுது, அவர் ஒப்புதல் கொடுத்தா இருப்பு லீவு தானா கழியுது. "ஒரு வரி கோடு எழுதலை மாமா, இழுத்து இழுத்து விட்டேன், ஒரே மதியத்துல முடிஞ்சுது. இதுக்குப் பேரு லோ-கோடு"ன்னான். "இதெல்லாம் நாங்க டிபேஸ் காலத்துலயே பண்ணிட்டோம்டா"ன்னு வாயை விட்டேன். பய சிரிச்சுட்டான். அந்தச் சிரிப்புக்குப் பதிலாத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி போட்டுட்டு வந்து உக்காருங்க.

'லோ-கோடு' என்கிற பெயர் புதுசுதான். ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனம் 2014-ல் வைத்தது. ஆனா ஆசை ரொம்பப் பழசு. ஐ.பி.எம். 1959-ல் கொண்டுவந்த ஆர்.பி.ஜி. என்பதே, அறிக்கை எப்படி வரணும்னு நிரப்பிக் கொடுத்தா புரோகிராமை அதுவே தயாரிக்கும் என்கிற ஏற்பாடு. ஜேம்ஸ் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ்காரர் 1980-களின் தொடக்கத்தில் 'புரோகிராமர் இல்லாமல் அப்ளிகேஷன் உருவாக்கம்' என்ற பொருளில் தலைப்பு வெச்சு ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கம்ப்யூட்டர் பிரிவுகளில் முடிக்காத வேலைகள் வருஷக்கணக்கில் குவிஞ்சு கிடக்கு, கேட்கிறவங்களே செஞ்சுக்கிட்டாத்தான் விமோசனம் என்பது அவர் வாதம். இன்னிக்கு லோ-கோடு விக்கிறவங்க சொல்றதும் அதேதான்.

ஆனா அவர் பேசினது பெரும்பாலும் பெரிய மெயின்ஃப்ரேம் உலகம். நம்ம மாதிரி ஆட்கள் கைக்கு அந்த ஆசை வந்து சேர்ந்தது வேற வழியா. அது ஒரு கால்பந்துப் பந்தயக் கதை.

கலிஃபோர்னியாவில் நாசாவுக்காக இயங்கும் ஜே.பி.எல். ஆய்வகத்தில் வேய்ன் ராட்லிஃப் என்று ஒருத்தர். செவ்வாய்க்குப் போன வைக்கிங் விண்கலத் திட்டத்தில் வேலை பார்த்தவர். ஆபீசில் அமெரிக்கக் கால்பந்துக்குப் பந்தயம் கட்டுவாங்க. அதில் ஜெயிக்க, பேப்பரில் வர்ற புள்ளிவிவரத்தை எல்லாம் போட்டுத் தேடிப் பார்க்க ஒரு வசதி வேணும்னு நினைச்சார். ஆய்வகத்துப் பெரிய கம்ப்யூட்டரில் ஜே.பி.எல்.டி.ஐ.எஸ். என்று ஒரு டேட்டாபேஸ் மொழி ஏற்கெனவே இருந்தது. அதை மாதிரியா வெச்சு, வீட்டில் தானே பூட்டின ஐ.எம்.எஸ்.ஏ.ஐ. 8080 பெட்டியில், 1978-ல், அசெம்பிளி மொழியில் எழுத ஆரம்பிச்சார். ஸ்டார் ட்ரெக் ஸ்பாக் நினைவா 'வல்கன்' என்று பெயர். விளம்பரம் கொடுத்துத் தானே வித்துப் பார்த்தார், பெரிசா போகலை.

பிறகு 1980-ல் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி என்ற இரண்டு வியாபாரிகள் விற்கும் உரிமையை வாங்கினாங்க. விளம்பர ஆள் ஒருத்தர் யோசனைப்படி 'டிபேஸ் II' ஆச்சு. டிபேஸ் ஒண்ணு என்று எதுவும் கிடையாது, இரண்டுன்னா தேறின சரக்குன்னு ஜனங்க நினைப்பாங்களாம்! கம்பெனி பேரு ஆஷ்டன்-டேட். ஆஷ்டன் என்றும் யாரும் கிடையாது. அப்புறம் ஆபீசில் வளர்ந்த பஞ்சவர்ணக் கிளிக்கு அந்தப் பேரை வெச்சாங்க. விலை 695 டாலர். ஜார்ஜ் டேட் 1984-ல், நாற்பதே வயசில், மாரடைப்பில் போயிட்டார்.

சரி, இதில் என்ன லோ-கோடு? திரையில் ஒரு புள்ளி மட்டும் நிக்கும். டாட் பிராம்ப்ட். அதுக்கு முன்னால 'கிரியேட்' என்று அடிச்சா, என்னென்ன தகவல் வேணும்னு கேக்கும்: பேரு, எழுத்தா எண்ணா தேதியா, எத்தனை எழுத்து அகலம். சொல்லிட்டா ஃபைல் ரெடி. 'அப்பெண்ட்' என்றால் விவரம் நிரப்பும் படிவம் தானா வந்து நிக்கும், யாரும் வரையத் தேவையில்லை. 'லிஸ்ட்' போட்டு, சம்பளம் 500-க்கு மேல் இருக்கிறவங்க மட்டும் என்று நிபந்தனை கொடுத்தா வரிசையா கொட்டும். கோபாலில் இதே வேலைக்கு ஃபைலை வர்ணிக்கவே பக்கம் பக்கமா எழுதி, கம்பைல் பண்ணி, பிழை திருத்தணும்.

என்னைக் கேட்டா நிஜமான சூட்சுமம் அடுத்த படியில்தான். தினமும் அடிக்கிற அதே கட்டளைகளை ஒரு ஃபைலில் வரிசையா எழுதி வெச்சா அதுவே புரோகிராம். கூட ஒரு 'டூ வைல்', ஒரு 'இஃப்' கத்துக்கிட்டா போதும். உபயோகிக்கிறவர் எந்த நாள்ல புரோகிராமர் ஆனார்னு அவருக்கே தெரியாது, நடுவுல சுவரே இல்லை. இன்னிக்கு லோ-கோடு பலதில் இழுத்து விடுற வரைக்கும் சொர்க்கம், அதைத் தாண்டினா திடீர்னு ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிக்கும்.

நம்ம ஊர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் எல்லாம் கம்ப்யூட்டர் சென்டரா மாறின காலத்துல பாடம் மூணுதான்: வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். பிறகு டிபேஸ் இடத்துக்கு ஃபாக்ஸ்ப்ரோ வந்தது. அப்படி மாலை வகுப்பில் படிச்சவர்தான் நான் வேலை பார்த்த நூற்பாலையின் ஹெட் கிளார்க் அண்ணாச்சி. பி.காம்., கணக்கு எழுதுற ஆள். தொழிலாளர் வாரக்கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., கேன்டீன் பிடித்தம் எல்லாத்துக்கும் ஃபாக்ஸ்ப்ரோவில் தானே எழுதினார். சனிக்கிழமை கவர்ல போடுற பைசா வரைக்கும் சரியா இருக்கும். 1997-ல் ரிட்டையர் ஆனார்.

அப்புறம் 2000-ஆம் ஆண்டுப் பிரச்னை வந்தது. உண்மையில் ஃபைலுக்குள்ள தேதி வருஷம் நாலு இலக்கத்தோடதான் இருக்கும். திரையில் இரண்டு இலக்கம் அடிச்சா 19-ஐத் தானா ஒட்டிக்கும், அவ்ளோதான் சிக்கல். ஒரு வரி கட்டளையில் பாதி தீர்ந்திருக்கும். ஆனா நிர்வாகம் பயந்துபோய் வெளியிலிருந்து ஒரு ரெடிமேட் பேக்கேஜை வாங்கிடுச்சு. பழைய புரோகிராமைப் படிச்சு விதிகளை எழுதிக் கொடுக்கிற வேலை எனக்கு. படிக்கிறப்போ ஒரு வரி: டோக்கன் 214 என்றால் கேன்டீன் பிடித்தம் சைபர். ஏன்னு எந்தக் குறிப்பும் இல்லை. ஏதோ டெஸ்ட்டுக்குப் போட்டதுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

புது பேக்கேஜ் ஓடின முதல் சனிக்கிழமையே அந்தத் தொழிலாளி கவரைக் கையில வெச்சுக்கிட்டு வந்து நின்னார். சத்தம் போடலை. "சார், நான் கேன்டீன்ல சாப்பிடுறதில்லையே"ன்னார். சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அவனுக்கு வயித்துப் புண்ணு தம்பி, காரம் ஆகாது, வீட்ல இருந்து கஞ்சி கொண்டாருவான். பெரிய முதலாளி வாயால சொன்னாரு, நான் போட்டுட்டேன்"னார். பெரிய முதலாளி காலமாகி இரண்டு வருஷம். அவர் வாக்குக்கு உலகத்திலேயே இருந்த ஒரே பதிவு அந்த ஒத்தை வரி. புது பேக்கேஜ்ல தனி ஆளுக்கு விதிவிலக்கு போட இடமே இல்லை. கடைசியில மாசாமாசம் கையால ஒரு வவுச்சர் எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.

புரோகிராமர் எழுதியிருந்தா இது நடந்திருக்காதுன்னு சொல்வாங்க. ஆமா, நடந்திருக்காது. அந்த வரியே இருந்திருக்காது, அவர் ஆரம்பத்துல இருந்தே பிடித்தம் கட்டிக்கிட்டு இருந்திருப்பார்.

டிபேஸ் எப்படிச் செத்ததுங்கிறதையும் சொல்லிடறேன். 1988-ல் வந்த டிபேஸ் IV ஒரே பிழைக்காடு, சரி பண்ணி வெளியிடவே 1990 ஆயிடுச்சு. அதே 1988-ல் ஒஹையோவின் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் மேல் ஆஷ்டன்-டேட் கேஸ் போட்டது, எங்க மொழியைக் காப்பி அடிக்கிறான்னு. 1990 டிசம்பரில் நீதிபதி அவங்க காப்புரிமையே செல்லாதுன்னுட்டார். டிபேஸே பொதுச்சொத்தான ஜே.பி.எல்.டி.ஐ.எஸ்.-லிருந்து வந்தது, அதைப் பதிவு பண்றப்போ மறைச்சிட்டீங்களே என்றார். சில மாசத்தில் அந்தத் தீர்ப்பை அவரே வாபஸ் வாங்கினார், அதுக்குள்ள கம்பெனி தள்ளாடி, 1991-ல் போர்லேண்ட் வாங்கிடுச்சு. ஃபாக்ஸை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2007-ல் இனிமே புதுப் பதிப்பு கிடையாதுன்னு அறிவிச்சு, 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தினாங்க.

ஆனா .டிபிஎஃப் ஃபைல் சாகலை. வரைபட வேலையில் இருக்கிறவங்க ஷேப்ஃபைல் என்பாங்களே, அதில் விவரப்பட்டியல் முழுக்க டிபேஸ் ஃபைல்தான். தலைப்புகள் பத்து எழுத்தோட வெட்டுப்பட்டு நிக்கறதைப் பார்த்திருப்பீங்க. டிபேஸ் போட்ட எல்லைக்கோடு அது, இன்னும் அழியலை.

இங்கதான் அக்கா பையன் ஆப் மேல எனக்குக் கொஞ்சம் கிலேசம். கூகுள் 'ஆப் மேக்கர்' என்று ஒரு லோ-கோடு கருவி வெச்சிருந்தது. 2021 ஜனவரியில் மூடிட்டாங்க. அதில் அப்ளிகேஷன் கட்டினவங்க வேற இடத்தில் முதல்ல இருந்து கட்ட வேண்டியதாச்சு. அண்ணாச்சி புரோகிராம் ஃப்ளாப்பியில் இருந்தது, யாரும் மூட முடியாது. எல்லாரும் அப்படின்னு சொல்ல வரலை. சென்னையில் 2006-ல் ஆரம்பிச்ச ஜோஹோ கிரியேட்டர் இன்னும் ஓடுது, கிட்டத்தட்ட டாட் பிராம்ப்ட் வாசனை அடிக்கிற டெலூஜ் என்ற சின்ன மொழியும் அதில் உண்டு. ஆனாலும் வாடகை வீடு வாடகை வீடுதானே. கழட்டி எடுத்துட்டுப் போக வழி இருக்கான்னு பயலைக் கேட்டேன். "பட்டியலை எக்செல்லா எடுக்கலாம் மாமா"ன்னான். விதிகளை? யோசிச்சான்.

அவன் போனப்புறம் பரணில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்கை மாட்டி, அண்ணாச்சியோட கூலி ஃபைலை லிப்ரே ஆபீசில் திறந்தேன். எந்தக் கேள்வியும் கேட்காம திறந்துக்கிச்சு. 214-ஆம் டோக்கன் இருக்கு. கேன்டீன் கட்டத்தில் சைபர்.