கினி: ஐந்து லட்சம் அகதிகளை ஏற்ற ஏழை நாடு

மேற்கு ஆப்பிரிக்காவில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு கினி. அண்டை நாடுகளான லைபீரியாவிலும் சியரா லியோனிலும் உள்நாட்டுப் போர் மூண்டபோது, உயிர் தப்பி ஓடியவர்களில் பெரும் பகுதியினர் இங்குதான் தஞ்சம் புகுந்தனர். 1990களில் அவர்கள் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. கினியின் மக்கள்தொகையே அப்போது 80 லட்சத்துக்கு மேல் இல்லை.

1989 டிசம்பர் 24 அன்று சார்லஸ் டெய்லரின் ஆயுதப் படை லைபீரியாவின் நிம்பா மாவட்டத்துக்குள் நுழைந்தது. அதிபர் சாமுவேல் டோவின் ஆதரவாளர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு மன்டிங்கோ முஸ்லிம்கள் தேடிக் கொல்லப்பட்டனர். 1991 மார்ச்சில் ஃபோடே சங்கோவின் கிளர்ச்சிப் படை சியரா லியோனில் போரைத் தொடங்கியது. பொதுமக்களின் கைகளை வெட்டிய கொடுமை உலகறிந்தது.

வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர், கிறிஸ்தவர்களும் இருந்தனர். தொடக்கத்தில் பலர் முகாம்களில் அல்ல, தென்கிழக்கு வனப்பகுதியின் கிராம வீடுகளிலேயே தங்கினர். கிஸ்ஸி, லோமா, மன்டிங்கோ மக்கள் எல்லையின் இரு பக்கமும் வாழ்பவர்கள். கோடு போட்டவர்கள் காலனி ஆட்சியாளர்கள். உறவும் மொழியும் ஒன்றாக இருந்ததால் கதவு திறந்தது. அகதிகள் சதுப்பு நிலங்களைத் திருத்தி நெல் பயிரிட்டனர். அவர்களுக்கென்று தனி மருத்துவமனை கட்டாமல், கினியின் அரசு மருத்துவமனைகளிலேயே சிகிச்சை தரப்பட்டது, செலவை ஐ.நா. அகதிகள் ஆணையம் ஏற்றது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறியது. எல்லை தாண்டிய தாக்குதல்கள் தொடங்கிய நிலையில், 2000 செப்டம்பர் 9 அன்று அதிபர் லன்சானா கொன்டே ஆற்றிய உரை, அகதிகளுக்குள் கிளர்ச்சியாளர்கள் ஒளிந்திருப்பதாகக் குற்றம் சாட்டியது. தலைநகர் கொனாக்ரியில் காவலர்களும் இராணுவத்தினரும் பொதுமக்களும் அகதிகளைத் தாக்கினர். ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். போர் இன்னும் ஓயாத சியரா லியோனுக்கே பலர் கப்பலில் திரும்பினர். இதை மறைத்துவிட்டு கினியைப் புகழ்வது நியாயமாகாது. அதே டிசம்பரில் கெக்கெடு நகரம் தாக்கப்பட்டபோது, அகதிகளுடன் கினி மக்களும் வீடிழந்தனர். 2001இல் எல்லையோர அகதிகளில் பல்லாயிரம் பேர் உட்பகுதி முகாம்களுக்கு மாற்றப்பட்டனர்.

சியரா லியோன் போர் 2002 ஜனவரியிலும், லைபீரியப் போர் 2003 ஆகஸ்டிலும் முடிந்தன. பெரும்பாலோர் ஊர் திரும்பினர். சியரா லியோனியர்களின் அகதித் தகுதி 2008 இறுதியிலும், லைபீரியர்களுடையது 2012 ஜூன் 30 அன்றும் முடிவுக்கு வந்தது. திரும்பாத சிலர் கினியிலேயே தங்கிவிட்டனர்.