பரலோகக் குடியுரிமையும் தோட்டத் தொழிலாளரும்: வத்தேகமப் பகுதியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

உழைக்கும்போதும் உண்ணும்போதும் துயருறும்போதும் விசுவாசியின் சிந்தை மேலுலகிலே நிலைத்திருத்தல் வேண்டும் என்பது கிறிஸ்தவ வாழ்வொழுக்கத்தின் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்று. காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்ட ஆன்மிக உண்மையாக இதனை விளக்குவோர் பலர். எந்த மக்கள், எத்தகைய உற்பத்தி உறவுகளினுள் நின்று அவ்வானத்தை அண்ணாந்து பார்த்தனர் என்று வினவும்போது அது வரலாற்றுப் பொருளாகின்றது. கண்டிக்கு வடகிழக்கே உள்ள வத்தேகமவையும் அதனைச் சூழ்ந்த தோட்டப்பகுதியையும் மனங்கொண்டு அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வத்தேகமவிலிருந்து பன்விலை, மடுல்கலை என மேலேறும் மலைச்சரிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே காடழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. தென்னிந்தியக் கிராமங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நலிவுற்ற மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியும் கொள்ளைநோயும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பியை அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. 1880இல் கண்டி–மாத்தளைப் புகையிரதப் பாதை வத்தேகமவூடாகத் திறக்கப்பட்டது. பயிர் மாறிற்று, கங்காணியும் கடனும் லயமும் மாறவில்லை.

இத்தோட்ட உலகினுள் கிறிஸ்தவம் ஒழுங்கமைந்த முறையிற் புகுந்தது 1854இல் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ வாயிலாகவே. அதற்குப் பொருளுதவி செய்தோருள் தோட்டத்துரைமாரே முக்கியமானவர்கள். திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் சார்பிலே, திருநெல்வேலியிற் பணியாற்றிய செப்டிமஸ் ஹொப்ஸ் இதனை மேற்பார்வை செய்ய வந்தார். உபதேசியார்களும் திருநெல்வேலியிலிருந்தே அழைத்துவரப்பட்டனர். இம்மிஷனின் பெயரே ஊன்றி நோக்கத்தக்கது. தொழிலாளியின் ஆன்மாவுக்கு நித்திய மகிமையை வாக்களித்த அமைப்பு, அவனது உடலுக்குத் தோட்டம் இட்ட ‘கூலி’ என்ற பெயரையே தன் பெயரிலும் ஏற்றுக்கொண்டது. அப்பெயர் பிற்காலத்திலேயே மாற்றப்பட்டது. ஆன்மா சமத்துவம் பெற்றது; கூலி கூலியாகவே இருந்தான்.

துரைமார் இப்பணியை ஏன் ஆதரித்தனர்? அவர்களுட் சிலரது பக்தி உண்மையானதே. எனினும் தனிமனிதர் நெஞ்சினை அளப்பது வரலாற்றாசிரியனின் வேலையன்று. குடியைத் தவிர்த்து, நேரம் தவறாது, பணிந்து நடக்கும் உழைப்பாளி தோட்டத்துக்கு இன்றியமையாதவன் என்பது வெளிப்படை. கொலோசெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் இவ்விடத்தே கருதத்தக்கது. மேலானவற்றை நாடுமாறு பணிக்கும் அதே அதிகாரம், அடிமைகள் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்றும் கூறுகின்றது. ஆனால் அடிமையென்றும் சுயாதீனனென்றும் வேறுபாடில்லை என்பதும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. நான்காம் அதிகாரமோ, எசமானர் வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யவேண்டுமென விதிப்பதோடு தொடங்குகின்றது. ஒரே நூல், இரு வாசிப்புகள். தோட்டத்துக்கு உகந்தது எது என்பதை நிர்ணயித்தது அங்கு நிலவிய அதிகாரமேயாம்.

சமய நோக்கை வெறும் மயக்கமருந்தென ஒதுக்கிவிடுவது மார்க்சியமாகாது. 1844இல் சமயம்பற்றி எழுதிய மார்க்ஸ், அதனை அபினுக்கு ஒப்பிட்ட அதே இடத்தில், உண்மையான துன்பத்துக்கு எதிரான முறையீடாகவும் கண்டார். பெரும்பாலும் முதற்பகுதியே மேற்கோளாகின்றது, பின்னது மறக்கப்படுகின்றது. இங்கிலாந்துத் தொழிலாளிவர்க்கத்தின் தோற்றம்பற்றி 1963இல் விரிவாக எழுதிய ஈ. பி. தொம்சன், மெதடிஸம் ஆலை ஒழுங்குக்கு உழைப்பாளரைப் பழக்கியதையும், அதே சபைக்கூட்டங்களின் அமைப்புமுறை தொழிலாளர் இயக்கத்துக்குக் கைகொடுத்ததையும் ஒருசேரக் காட்டினார்.

தோட்டக் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். பெரும்பான்மையோர் மாரியம்மனையே வழிபட்டனர். ஆயினும் அச்சிறுபான்மையினரின் அன்றாட வாழ்வில் பரலோக நோக்கு ஆற்றிய பணி ஒருமுகப்பட்டதன்று. விடியலிற் பிரட்டுக் களத்திலே வெறும் எண்ணாக நின்ற மனிதன், செபவேளையிற் பெயர்சொல்லி அழைக்கப்பட்டான். வேதத்தை வாசிக்கக் கற்ற எழுத்து, கணக்குப் புத்தகத்தையும் கேள்விக்குள்ளாக்க வல்லது. துரைக்கும் மேலே ஒரு நியாயாதிபதி உண்டு என்ற எண்ணம் ஆறுதலாகலாம். துரையை அளக்கும் கோலுமாகலாம்.

கோல் ஒன்று இருப்பது வேறு, அதனைக் கையிலெடுப்பது வேறு. அதனை எடுக்கும் ஆற்றலை வழங்கியது தொழிற்சங்கமே. மடுல்கலையிலுள்ள றெலுகாஸ் தோட்டத்திற் பணிபுரிந்த அவுஸ்திரேலியரான பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக 1937இல் நாடுகடத்தல் ஆணைக்கு இலக்கானார். உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1940இல் கண்டி மாவட்டத்து முல்லோயாவிலே கோவிந்தன் சுட்டுக்கொல்லப்பட்டார். விண்ணை நோக்கிய முறையீடு மண்ணிலே கோரிக்கையாக உருப்பெற்ற காலம் அது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது.

மறு ஆண்டே வந்தது பிரசாவுரிமைச் சட்டம். தோட்டத் தமிழர் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். இதன்பின் பரலோக நோக்கின் பொருளே மாறுகின்றது. பிலிப்பியருக்கு எழுதிய பவுல், விசுவாசிகளின் ‘பொலித்தெயுமா’ பரலோகத்தில் உள்ளது என்றார். அக்கிரேக்கச் சொல் குடியுரிமை என்ற அரசியற் பொருளை உடையது. வழக்கிலுள்ள தமிழ் வேதாகமம் அதனைக் ‘குடியிருப்பு’ என்று பெயர்த்தது. மண்ணிற் குடியுரிமையற்று, எட்டடிக் காம்பிராவைக் குடியிருப்பாகக் கொண்ட தொழிலாளி அச்சொல்லைக் கேட்டபோது, அது ஆறுதலா, ஏளனமா?

பவுலின் வாழ்க்கையே இதற்கு விடை தருகின்றது. அதே பிலிப்பி நகரில் விசாரணையின்றி அடிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டபோது, தாம் உரோமக் குடியுரிமை உடையவர் என்பதை அவர் எடுத்துரைத்தார். இரகசியமாக வெளியேற மறுத்து, அதிகாரிகளே நேரில் வந்து தம்மை விடுவிக்கவேண்டுமென வற்புறுத்தினார். விண்ணின் குடியுரிமையைப் போதித்தவர் மண்ணின் குடியுரிமையைக் கைவிடவில்லை. மேலுலகைக் காட்டி இவ்வுலக உரிமையை மறக்கச் சொல்வோர் அவரது வாழ்வில் ஒருபாதியையே படித்தவராவர்.

1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மனிதர் தொகைகளாகினர். இவ்வநீதியின் முன்னே திருச்சபையினுள்ளும் மாற்றம் அரும்பியது. 1972இல் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியிலே ‘சத்தியோதய’ நிலையத்தை நிறுவித் தோட்டமக்களின் உரிமைகளுக்காக உழைத்தார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983ஆம் ஆண்டு வன்செயலின்பின், தாம் பிறந்த சிங்கள இனத்தின் பொறுப்பை ஒளியாது ஏற்று மேய்ப்புமடல் வரைந்தார். இவர்கள் பரலோக நோக்கைக் கைவிட்டவர்களல்லர். அதனைப் பூமியின் அநீதியைத் தீர்ப்பிடும் அளவையாகக் கொண்டவர்கள்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை சட்டவளவில் நீங்கியது. ஆயினும் லயங்களிற் பலர் இன்றும் வாழ்கின்றனர். காணிக்கும் கூலிக்குமான போராட்டம் ஓயவில்லை. வத்தேகம மலைச்சரிவுகளின் வரலாறு ஓருண்மையைப் புலப்படுத்துகின்றது. வானம் யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தே அதன் சமூகப்பணி அமையும். துரையின் நன்கொடையாக வந்தபோது அது பொறுமையைப் போதித்தது. உழைப்பாளி தன் கண்ணால் நோக்கியபோது நியாயத்தைக் கேட்டது. சமயத்தை ஆராயும் முற்போக்காளர் இவ்விரண்டையும் ஒருசேரக் காணவேண்டும். ஒன்றை மட்டும் காண்பவர், அம்மக்கள் பாடிய பாட்டுக்குச் செவிகொடுத்து, அவர்களது பெருமூச்சைக் கேளாது விட்டவராவர்.