மின்துளையாக்கம்

உயிருள்ள செல்லின் சவ்வில் மின்துடிப்பு கொடுத்து நுண்ணிய துளைகளை உண்டாக்கும் முறை மின்துளையாக்கம் எனப்படும். இயல்பாக உள்ளே நுழைய முடியாத மரபணுவையும் மருந்தையும் செல்லுக்குள் செலுத்த இது உதவுகிறது. துடிப்பு அளவு மீறினால் செல் இறந்துவிடும். புற்றுக்கட்டிகளை அழிப்பதற்கு அந்த இறப்பையே ஒரு சிகிச்சையாகவும் கையாள்கிறார்கள்.

சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக அமைந்த இந்தச் சவ்வு மின்சாரத்தைக் கடத்தாது. அதன் இருபுறமும் உள்ள உப்புநீர் நன்றாகக் கடத்தும். எனவே வெளியிலிருந்து தரும் மின்னழுத்தம் சவ்வின்மீது வந்து குவிகிறது. 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டையான செல்லுக்குச் சென்டிமீட்டருக்கு 1000 வோல்ட் மின்புலம் கொடுத்தால், மின்முனைகளைப் பார்த்த பக்கங்களில் சவ்வின் குறுக்கே கணக்குப்படி 1.5 வோல்ட் உருவாகும். இது ஒரு டார்ச் பேட்டரியின் அளவுதான். ஆனால் 5 நானோமீட்டருக்குள் அடைபடும்போது இது சென்டிமீட்டருக்கு 30 லட்சம் வோல்ட்டுக்குச் சமம். காற்றில் தீப்பொறி பறக்க 30 ஆயிரமே போதும். இந்த விசையில் கொழுப்பு மூலக்கூறுகள் விலகி, நீர் நிறைந்த துளைகள் திறக்கின்றன. துடிப்பு அளவோடு இருந்தால், சில நிமிடங்களில் சவ்வு தானே மூடிக்கொண்டு செல் பிழைத்துவிடுகிறது. உயிரியற்பியலில் இதைப்போல் வியக்கவைக்கும் நிகழ்வுகள் குறைவு.

வலுவான மின்புலம் நுண்ணுயிர்களைக் கொல்வதை சேல், ஹாமில்டன் இருவரும் 1967இல் காட்டினர். நியூமன் குழு 1982இல் இதே வழியில் எலிச் செல்களுக்குள் மரபணுவைச் செலுத்தியது; இந்த முறைக்குப் பெயர் வைத்ததும் அக்குழுவே. பாரிஸ் அருகே வில்ஜுயிஃபில் லூயி மிர், சவ்வை எளிதில் கடக்காத புளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தோடு மின்துடிப்பைச் சேர்த்தார். மருந்தின் வீரியம் நூற்றுக்கணக்கான மடங்கு கூடியது. இன்று தோல் கட்டிகளுக்கு ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள மின்வேதிச் சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. அதில் வழக்கமாகத் தருவது, ஒவ்வொன்றும் 100 மைக்ரோநொடி நீளும் 8 துடிப்புகள்.

உடலின் ஆழத்தில் உள்ள கட்டிகளில்தான் சிக்கல். ஊசி மின்முனைகளை எங்கே, எவ்வளவு ஆழத்தில் குத்துவது? எந்த இணைக்கு எத்தனை வோல்ட்? கட்டியின் ஓரத்தில் சிறு பகுதி விடுபட்டாலும் நோய் அங்கிருந்து மீண்டும் வளரலாம். மிகையானால் பக்கத்துத் திசு கெடும். ஒவ்வொரு அமைப்பையும் கணினியில் மின்புலம் கணக்கிட்டே சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் சோதித்து முடிக்க முடியாது. ஸ்லோவேனியாவின் லியுப்லியானா பல்கலைக்கழகத்தில் டாமியன் மிக்லாவ்சிச் குழு இதற்கு, நல்ல விடைகளைக் கலந்து தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் மரபணுப் படிமுறையைப் பயன்படுத்தியது.

எறும்பு, பறவைக் கூட்டங்களைப் பின்பற்றி விடை தேடும் திரள் நுண்ணறிவும் இத்தகைய தேடலுக்குப் பொருந்தும். இரண்டு பாதைகள் உள்ள பாலத்தில் அர்ஜென்டினா எறும்புகள், தாங்கள் விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைக் கொண்டே குறுக்குவழியைத் தேர்ந்தெடுப்பதை பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர். மார்கோ டோரிகோ 1992இல் அதைக் கணினிப் படிமுறையாக்கினார். கென்னடியும் எபர்ஹார்ட்டும் 1995இல் பறவைக் கூட்டத்தைப் பார்த்துத் துகள் திரள் முறையை உருவாக்கினர். ஊசியின் இடம், ஆழம், வோல்ட் போன்ற தொடர் அளவுகளுக்குத் துகள் திரளே இயல்பாகப் பொருந்தும். ஒவ்வொரு துகளும் ஓர் ஊசி அமைப்பு. தான் கண்ட சிறந்த இடத்தையும் கூட்டம் கண்ட சிறந்த இடத்தையும் நினைவில் வைத்து அது நகரும். ஆனால் துளை விழ விழத் திசுவின் கடத்துதிறன் மாறிக்கொண்டே போகும். மாதிரியில் இதைச் சேர்க்காவிட்டால் எந்தத் திரளும் சரியான விடை தராது.

கட்டிகளுக்கு மட்டுமல்ல, மரபணுச் சிகிச்சைக்கும் மின்துளையாக்கம் உதவுகிறது. அரிவாள் செல் சோகைக்கு, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்திரியைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. நோயாளியின் இரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, மின்துடிப்பால் துளையிட்டு, அந்தக் கத்திரியை உள்ளே செலுத்தி மீண்டும் உடலில் ஏற்றுகிறார்கள். அமெரிக்காவில் இதன் விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் இந்நோயின் மரபணுக் கூறு முதலில் பதிவானது 1952இல், நீலகிரிப் பழங்குடியினரிடம். அந்த மலைக்கு எட்டும் விலையில் இதைச் செய்து காட்டுவது நம் ஆய்வகங்களின் கடமை.