சல்லடை பிடித்த கை

ஏலத் தோட்டங்களை நம்பி ஆனைக்கரைப் பக்கம் குடியேறிய நம்மவர்க்குச் சல்லடையின் வலிமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருங்காயும் சிறுகாயும் பிரிவது அதில்தான். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்திற்கு வரும் காயையெல்லாம் சலிக்கும் உரிமை, அங்கே தம் காயையும் விற்கும் பெருவணிகர் ஒருவருக்கே வாய்த்தால்? அவர் நேர்மையாளராகவே இருக்கலாம். மற்றவர்க்கு உறக்கம் வராது.

இணைய உலகில் இந்நிலை 2018-இல் நேர்ந்தது. கூகிள் நிறுவனம் 2008 மார்ச்சில் டபுள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனத்தை வாங்கி முடித்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே குரோம் உலாவியை வெளியிட்டது. விளம்பர அங்காடியும், மக்கள் இணையத்தைக் காணும் சாளரமும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

தொலைவிலிருந்து ஊர்ச்செய்தி படிக்கும் நம்மில், திரையை மறைத்து எழும் விளம்பரத்தைச் சபிக்காதவர் யார்? அவ்வெறுப்பால் பலர் விளம்பரத் தடுப்பான்களை நாடினர். அவை கூகிளின் விளம்பரங்களையும் சேர்த்தே தடுத்தன. இந்நிலையில், 2018 பிப்ரவரி 15 அன்று குரோம் தனக்கெனச் சொந்த வடிகட்டியைக் கொண்டது. 2019 ஜூலையில் அது உலகெங்கும் பரவியது. விதியை மீறிய தளத்திற்கு 30 நாள் தவணை உண்டு. திருந்தாவிடில் அத்தளத்தின் விளம்பரம் அனைத்தும் நிற்கும், கூகிளுடையதும் தப்பாது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஐயம் வேறிடத்தில் எழுந்தது. விதிகளை வகுத்த கூட்டமைப்பில் கூகிளும் ஓர் உறுப்பினர். முதற்பட்டியலில் கண்ட 12 வகைகளில், யூடியூபில் காணொளிக்கு முன்வரும் விளம்பரம் இல்லை. காணொளிக்கான விதிகள் 2020-இல்தான் பிறந்தன. மேலும், மென்மையான வடிகட்டியில் மக்கள் மனநிறைவு கொண்டால், முழுத் தடுப்பானைத் தேடுவோர் குறைவர். இலவசமாக நாம் படிக்கும் சிறு தமிழ்த் தளங்கள் விளம்பர வருவாயில் பிழைப்பவை. அவற்றின் ஊதியத்தைத் தீர்மானிப்பதும் விளம்பரம் விற்பவர் கைச் சல்லடையே ஆயிற்று.

வியப்பு என்னவெனில், அதற்கு ஒரு வாரம் முன்புதான், பிப்ரவரி 8 அன்று, இந்தியப் போட்டி ஆணையம் கூகிளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்திருந்தது. வழக்கிட்டவர்களுள் ஒருவர் நம் சென்னையின் மேட்ரிமோனி நிறுவனத்தார். தேடல் முடிவுகளில் ஓரவஞ்சனை உண்டென ஆணையம் கண்டது; விளம்பர விற்பனை பற்றிய புகாரை ஏற்கவில்லை.

பின்னர், 2025 ஏப்ரலில், விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையில் கூகிள் சட்டவிரோத ஏகபோகம் கொண்டதென வர்ஜினியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. தேடல் வழக்கை விசாரித்த வாஷிங்டன் நீதிமன்றமோ, குரோமை விற்க வேண்டியதில்லை என்று அவ்வாண்டு செப்டம்பரில் கூறிவிட்டது.