டில்லிக் குன்றில் இளவேனில்

தமிழகத்தினின்று அலுவலின் பொருட்டு வடநாடு வந்து சேர்ந்த நம்மவர்க்குத் தலைநகரின் இயற்கை என்றதும் நினைவுக்கு வருவன இரண்டே. ஒன்று எலும்பை நடுக்கும் மார்கழிக் குளிர். மற்றொன்று முகத்தைச் சுடும் வைகாசி அனல். இவ்விரண்டுக்கும் இடையே சில வாரங்கள் மட்டும் தங்கிச் செல்லும் ஓர் இனிய பருவம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என வகுத்தனர் நம் முன்னோர். டில்லியிலோ மாசி பிறந்ததுமே இளவேனில் எட்டிப் பார்க்கிறது. பங்குனி கழியுமுன் விடைபெறத் தொடங்கிவிடுகிறது.

நானும் பல்லாண்டுகள் அதனைக் கவனித்தவன் அல்லன். ஒரு மாசி மாத ஞாயிறன்று ஆரவல்லித் தொடரின் வடகோடியாகிய டில்லிக் குன்றில் என் மகளுடன் உலாவச் சென்றேன். இலையே இல்லாத நெடுமரம் ஒன்று செந்நிறப் பூக்களைச் சுமந்து நின்றது. வழிப்போக்கர் ஒருவர், "செமல்" என்றார். "அப்பா, நம் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று மகள் கேட்டாள். சொற்களை மொழிபெயர்த்தே ஊதியம் பெறும் எனக்கு விடை தெரியவில்லை. வீடு திரும்பி அகராதிகளைப் புரட்டிய பின்னரே அது நம்மூர் முள்ளிலவு என்று அறிந்தேன். அன்றைய வெட்கமே என்னை இத்துறையில் ஈடுபடுத்தியது.

இந்நிலத்தின் மலரையும் பறவையையும் ஓர் அந்நியனின் வியப்போடு நோக்கி எழுதியவர்களுள் முதன்மையானவர் பாபர். 1526-ஆம் ஆண்டு பானிப்பட்டில் வென்று டில்லியைக் கைக்கொண்ட அவர், இந்நாட்டில் தமக்குப் பிடிக்காதவற்றை மறைக்காமல் எழுதினார். ஆயினும் மயில், கிளி, மைனா, யானை, காண்டாமிருகம் ஆகியவற்றையும், செம்பரத்தை, அலரி, தாழை முதலிய மலர்களையும் பொறுமையுடன் வருணித்துள்ளார். ஊர் ஏக்கம் கொண்ட மனிதரும் வந்த இடத்தைக் கண் திறந்து பார்க்க இயலும் என்பதற்கு அந்நூல் சான்று. துருக்கி மொழியில் எழுதிய அதனை அப்துர் ரஹீம் கான்கானான் 1589-இல் பாரசீகத்தில் பெயர்த்து அக்பருக்கு அளித்தார். என் தொழிலைச் சேர்ந்த முன்னோடி என்ற உரிமையில் அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

பாபரின் கொள்ளுப்பேரர் ஜஹாங்கீர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தாம் வளர்த்த சாரசக் கொக்கு இணை முட்டையிட்டதையும் அடைகாத்ததையும் நாள்தோறும் கவனித்துக் குறித்து வைத்தார். 1620-இல் காஷ்மீரத்து இளவேனிலைக் காணச் சென்றபோது, அங்குள்ள மலர்களை ஓவியர் மன்சூர் தீட்டினார். அவை நூற்றுக்கு மேற்பட்டன என்கிறது அரசரின் குறிப்பு.

மலர்களை எண்ணிப் போற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களை அடுக்கிக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றாகிய பலாசத்தை டில்லிவாசிகள் இன்றும் 'பலாஷ்' என்றே அழைக்கின்றனர். நாம் புரசு என்போம். சென்னைப் புரசைவாக்கம் அம்மரத்தாலேயே பெயர் பெற்றது. குன்றில் வெண்பூச் சூடி நிற்கும் புதரோ, நம் பாட்டிமார் இருமலுக்குக் கஷாயம் வைத்த ஆடாதோடையே. இப்படி ஒவ்வொன்றாக அடையாளம் தெரியத் தெரிய, அயலூர் என்னும் உணர்ச்சி சற்றே குறைகிறது.

1911-இல் தலைநகர் கல்கத்தாவினின்று டில்லிக்கு மாறுமென அறிவிக்கப்பட்டது. குன்றின் ஒரு பகுதி 1913-இல் காப்புக்காடாயிற்று. பின்னர்க் குன்றைப் பசுமையாக்கும் நோக்கத்துடன் அமெரிக்கக் கண்டத்து முள்மரம் ஒன்றைக் கொணர்ந்து நட்டனர். இங்கு அதன் பெயர் 'விலாயதி கீக்கர்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் சீமைக் கருவேல்! ஆம், நம் கண்மாய்களை அடைத்துக்கொண்ட அதே மரந்தான். நல்லெண்ணத்துடன் நட்ட அம்மரம் வெள்வேல் முதலிய பழங்குடி மரங்களை நெருக்கித் தள்ளிவிட்டது. 1994-இல் சுமார் 7,700 ஹெக்டேர் குன்றுநிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் உள்ளிருந்து நெருக்கும் மரத்தை அறிவிப்பால் விலக்க முடியவில்லை. பழைய மரங்களை மீண்டும் வளர்க்கும் முயற்சி மெல்லவே நடைபெறுகிறது.

விடுதலைக்குப் பின், காந்தியடிகளின் நண்பரான ஹோரேஸ் அலெக்ஸாண்டர் முதலியோர் 1950-இல் டில்லிப் பறவை நோக்குவோர் சங்கத்தைத் தொடங்கினர். இந்திரா காந்தியும் அதன் தொடக்ககால உறுப்பினர். மகேசுவரியின் டில்லித் தாவர நூல் 1963-இலும், உஷா கங்கூலியின் டில்லிப் பறவை நூல் 1975-இலும் வெளிவந்தன. அதே 1950-இல் நம்மவர் ஒருவர் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கைக் குறிப்புகளை எழுதத் தொடங்கி, 1996-இல் மறையும்வரை எழுதினார். அவர் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். சென்னையில் இருந்தபடியே வடநாட்டு வாசகரின் கண்களைத் திறந்தவர் அவர்.

பங்குனியில் முள்ளிலவின் தேன் பருக வரும் பறவைக் கூட்டத்தைச் சற்று உற்று நோக்குங்கள். மைனாக்களுக்கும் காகங்களுக்கும் இடையே கருந்தலையும் இளஞ்சிவப்பு உடலும் கொண்ட சூறைக்குருவிகள் தென்படலாம். திருநெல்வேலி வயல்கள்வரை சென்று குளிர்காலத்தைக் கழிக்கும் இனம் அது. இளவேனிலில் டில்லி வழியே மத்திய ஆசியாவுக்கு, பாபர் இறுதிவரை ஏங்கிய அத்திசைக்கே, பறந்து செல்கிறது.

வரும் ஞாயிறன்று குழந்தைகளை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். பெரிய நூல்கள் வேண்டா. ஒரு குறிப்பேடு போதும். காணும் மரத்தின் பெயரை இவ்வூர் மொழியிலும் நம் மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். தெரியாவிடில் ஊருக்கு எழுதும் மடலில் பெரியோரைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. என் மகளின் குறிப்பேட்டில் இதுவரை முப்பத்தொரு பெயர்கள் உள்ளன. நான்கினுக்கு எதிரே தமிழ்ப் பெயருக்கான இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.