கண்ணாடிக்கு உரைகல் எது?

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. கண்ணாடியின் காலத்தை அறிய உரைகல் எது? கோலார் தங்கவயலில் பழம்பொருள் கடையொன்றில், வண்ணப் பூக்கள் உள்ளே பொதிந்த கண்ணாடிப் பேப்பர்வெயிட் ஒன்று நம் கைக்கு வருவதாகக் கொள்வோம். துரைமார் காலத்துப் பிரெஞ்சுச் சரக்கு என்று கடைக்காரர் கூறக்கூடும். அதனை நம்புவதா, மறுப்பதா? விலையை மட்டும் பொறுத்த வினா அன்று இது. ஊரின் வரலாற்றைப் பொறுத்ததும் ஆகும்.

1845-ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த பொருட்காட்சியில், வெனிஸ் நகரத்துப் பியெத்ரோ பிகாலியா என்பார் இத்தகைய கண்ணாடிக் குண்டுகளை வைத்தார். அதே காலத்தில் பிரான்ஸ் நாட்டின் பக்காரா, சான் லூயி, கிளிஷி ஆகிய மூன்று தொழிற்சாலைகளும் இக்கலையை மேற்கொண்டு உச்சத்திற்குக் கொண்டுசென்றன. ஏறத்தாழ 1860-க்குள் அந்த மோகம் தணிந்தது. அப்பதினைந்து ஆண்டுகளின் படைப்புகளையே சேகரிப்போர் பெரிதும் நாடுகின்றனர்.

அப்பூக்கள் அமையும் விதம் வியப்புக்குரியது. பல நிறக் கண்ணாடிகளை அடுக்கி, உருக்கி, மெல்லிய கம்பியாக நீட்டுவர். வெண்டைக்காயைக் குறுக்கே அரிந்தால் வில்லைதோறும் ஒரே கோலம் தோன்றுவதுபோல, அக்கம்பியின் ஒவ்வொரு துண்டிலும் ஒரே பூத் தோன்றும். துண்டுகளை வரிசையாய் நிறுத்தி, அவற்றின்மேல் உருகிய தெளிந்த கண்ணாடியைக் கவித்து, மெல்ல ஆறவிடுவர். ஆயிரம் மலர் என்னும் பொருளில் இதனை மில்லிஃபியோரி என இத்தாலியர் அழைத்தனர். குவிந்த மேற்பரப்பு பூதக்கண்ணாடியாகி, உள்ளிருக்கும் பூவைப் பெரிதாக்கிக் காட்டும்.

இனி அடையாளங்களைக் காண்போம். பக்காராக் குண்டுகள் சிலவற்றில் பி என்னும் ஆங்கில எழுத்தும் 1848 போன்ற ஆண்டும் பூக்களிடையே மறைந்திருக்கும். கிளிஷிக்குச் சிறு ரோஜாப்பூ பெயர்பெற்ற அடையாளம். ஆயினும் குறியை மட்டும் நம்பலாகாது. 1848 என்று பொறித்த குண்டுகள் பிற்காலத்தில் இங்கிலாந்திலும் செய்யப்பட்டன. 1930-களில் பிரெஞ்சு மாதிரிகளைப் பார்த்துச் சீனத்திலும் செய்தனர். எடையும் ஏமாற்றும்: ஈயம் கலந்த கண்ணாடி கனக்கும், ஆனால் கிளிஷிக் கண்ணாடியோ மற்ற இரண்டினும் இலேசானது.

ஆகவே குண்டைக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். செய்தபோது பற்றியிருந்த இரும்புக்கோலின் வடு அடியில் இருக்கும். உயர்ந்த வேலையில் அதனைத் தேய்த்து மெருகிட்டிருப்பர். பல்லாண்டு மேசையில் நகர்ந்த அடிவிளிம்பில் நுண்ணிய கீறல்கள் பல திசையில் ஓடும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால், உப்புத்தாள் கொண்டு முதுமை ஏற்றப்பட்டதோ என ஐயுறுதல் தகும்.

இறுதியாக, ஊரின் வரலாறே ஓர் உரைகல். ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத் தொழிலை மேற்கொண்டது 1880-இல். அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே பிரெஞ்சுக் குண்டுகளின் பொற்காலம் முடிந்துவிட்டது. ஆதலின் இங்கே புதிதாய் வாங்கிவந்த குண்டு அக்காலத்ததாய் இராது. அக்காலத்ததாயின் எவரோ ஒருவரின் குடும்பச் சொத்தாகவே வந்திருத்தல் வேண்டும். ஸ்காட்லாந்தில் பால் இசார்ட் 1930-களில் தொடங்கிச் செய்த அழகிய குண்டுகள் சிலவற்றில் அவர்தம் பெயரின் முதலெழுத்துகள் உண்டு. பிரெஞ்சு அல்ல என்பதனால் அவற்றின் மதிப்புக் குன்றாது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காடு முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழர் பாறை குடைந்து பொன் எடுத்த ஊரில், மேசைமேல் இருந்தவை பல கைமாறின. அவற்றுள் ஒன்று நம்மிடம் வருமாயின், பெருமைக்காகப் பொய் வயது கூட்டாமலும், அறியாமையால் காயலான் கடைக்குத் தள்ளாமலும் காப்போமாக. பொன்னை மாற்றறிந்து மதித்த ஊருக்கு அதுவே முறையாகும்.