65 எபிசோடுகளும் ஒரு முத்தமும்

குழந்தைகளுக்கான அமெரிக்கத் தொலைக்காட்சியில் 65 என்றொரு எண் பல வருடங்கள் ஆட்சி செய்தது. கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு காலாண்டுக்கு 13 வாரம். வாரத்துக்குப் பள்ளி நாட்கள் ஐந்து. பெருக்கினால் 65. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்துக்குத் தினமும் ஒரு எபிசோட் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒன்றைக்கூடத் திரும்பப் போட வேண்டாம். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். 1983இல் வந்த ஹீ-மேன் தொடரின் முதல் சீசன் 65 எபிசோட். 1987இல் டிஸ்னி எடுத்த டக்டேல்ஸின் முதல் சீசனும் 65. எந்தக் கதாசிரியரும் உட்கார்ந்து யோசித்து ‘இந்தக் கதைக்கு 65 பாகம் வேணும்’ என்று முடிவு செய்யவில்லை. காலண்டர் முடிவு செய்தது.

பிற்பாடு டிஸ்னி சேனல் இந்த எண்ணை உச்சவரம்பாகவே வைத்துக்கொண்டது. 2001இல் தொடங்கிய லிசி மெக்வயர் அந்தக் காலத்தின் பெரிய ஹிட். அதுவும் 65 எபிசோடோடு நின்றது. வியாபாரமாகப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. பார்க்கிற பிள்ளைகள் சில வருடங்களில் வளர்ந்து வேறு சேனலுக்குப் போய்விடுவார்கள். அடுத்து வருகிற பிள்ளைகளுக்குப் பழைய எபிசோடே புது எபிசோட். அப்புறம் எதற்குச் செலவு செய்து 66ஆவதை எடுக்க வேண்டும்?

இந்த எண்ணோடு மல்லுக்கட்டிய ஒரு கார்ட்டூனைப் பற்றித்தான் எழுத வந்தேன். கிம் பாசிபிள். 2002 ஜூன் 7 அன்று டிஸ்னி சேனலில் தொடங்கியது. மிடில்டன் என்ற கற்பனை ஊரில் பள்ளியில் படிக்கிற ஒரு சியர்லீடர் பெண், ஓய்வு நேரத்தில் உலகத்தைக் காப்பாற்றுகிறாள். கூட வருபவன் பாலர் பள்ளி முதலே நண்பனான ரான் ஸ்டாப்பபிள். அவன் பேண்ட் பாக்கெட்டில் ரூஃபஸ் என்ற முடியில்லாத எலி. இவர்களுக்குக் கணினி வழியாக உதவி செய்பவன் வேட் என்ற பொடியன்.

உருவாக்கியவர்கள் பாப் ஸ்கூலியும் மார்க் மெக்கார்க்கிளும். இந்த யோசனை ஒரு லிஃப்டில் பிறந்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மெக்கார்க்கிள் திடீரென்று திரும்பி, கிம் பாசிபிள் என்று ஒருத்தி, எதையும் செய்துமுடிப்பாள் என்றாராம். ஸ்கூலி அதே வேகத்தில், அவளுடைய ஜோடி ரான் ஸ்டாப்பபிள், அவனால் ஒன்றுமே முடியாது என்றாராம். ‘இம்பாசிபிள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் திருப்பினால் அவள் பெயர். ‘அன்ஸ்டாப்பபிள்’ என்பதில் முதல் அசையை மாற்றினால் அவன் பெயர். இரண்டு சிலேடைகள், அவ்வளவுதான். ஐந்து வருடத் தொடர் இந்த இரண்டு பெயர்களுக்கு நடுவில் ஓடியது.

வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள் கழித்துத்தான் நான் இதை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததால்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இந்தத் தொடருக்குள் இரண்டு விதமான கதைகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

நான் பேக்கெண்ட் வேலை பார்ப்பவன். எங்கள் பேச்சில் ‘ஸ்டேட்லெஸ்’ என்றொரு சொல் அடிக்கடி வரும். ரயில்வே கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் டிக்கெட் கிடைக்கும். அடுத்த ஆள் வந்ததும் உங்களை அந்தக் கவுண்டர் மறந்துவிடும். நேற்று நீங்கள் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அப்படி மறக்கிற நிரலை எழுதுவது சுலபம், பராமரிப்பது அதைவிடச் சுலபம். நினைவு வைத்துக்கொள்கிற நிரல்தான் ராத்திரி இரண்டு மணிக்கு நம்மை எழுப்பும்.

65 எபிசோட் ஏற்பாட்டுக்குத் தேவைப்பட்டதும் இந்த மறதிதான். திங்கட்கிழமை 40ஆவது எபிசோடைப் பார்க்கிற பிள்ளை, செவ்வாய்க்கிழமை 12ஆவதைப் பார்த்தாலும் குழம்பக் கூடாது. சாகசக் கதை இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. டாக்டர் டிராக்கன் என்ற நீலத்தோல் வில்லன் ஏதோ இயந்திரம் செய்வான். அவனுடைய அடியாள் ஷீகோ, முதலாளியைவிடப் பத்து மடங்கு புத்திசாலி, கிம்மோடு சண்டை போடுவாள். இயந்திரம் வெடிக்கும். அடுத்த வாரம் எல்லாம் பழையபடி.

காதல் கதையை இப்படி எழுத முடியாது. ஒருவரிடம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு முந்தைய நாளுக்குத் திரும்ப வழியில்லை. எதிரில் இருப்பவர் சரி என்றாலும் போச்சு, இல்லை என்றாலும் போச்சு. இரண்டு விதத்திலும் பழைய நிலைமை தொலைந்துவிடுகிறது.

சாகசமும் பள்ளிக் காதலும் சேர்ந்த கதைகளுக்கு முன்பே ஒரு தீர்வு இருந்தது: ரகசியம். 1962இல் ஸ்பைடர்மேன் வந்தபோது பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன். முகமூடியை யாரிடமும் கழற்ற முடியாது என்பதால் காதல் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். எழுதுபவர்களுக்கு வசதி. கிம் பாசிபிளில் அந்த வசதியை ஆரம்பத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டார்கள். கிம்முக்கு முகமூடி கிடையாது. அவள் உலகத்தைக் காப்பாற்றுகிறாள் என்று ஊருக்கே தெரியும். அப்பா ராக்கெட் விஞ்ஞானி, அம்மா மூளை அறுவை மருத்துவர். இரண்டு பேருக்கும் மகள் எங்கே போகிறாள் என்று தெரியும், போய்விட்டு நேரத்துக்கு வந்துவிடு என்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மாதிரி சின்னச் சின்ன வேலைகளுக்காக அவள் போட்ட வலைத்தளத்துக்கு, லேசர் கதிர்களுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பணக்காரரின் அவசரச் செய்தி தப்பி வந்ததில்தான் அவளுடைய சாகசமே தொடங்குகிறது.

ஆக, ரகசியத்தைச் சாக்கு வைத்துக் காதலைத் தள்ளிப்போட முடியாது. மிச்சமிருப்பது கூச்சம் ஒன்றுதான். முதலில் ஒளிபரப்பான எபிசோடிலேயே கிம்முக்கு இருக்கிற பெரிய பிரச்சினை வில்லன் இல்லை. ஜாஷ் மேன்கி என்ற பையனை நடன விழாவுக்குக் கூப்பிட வாய் வரவில்லை, அதுதான் பிரச்சினை. ஏவுகணைக்கு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு அவன் முன்னால் நாக்கு புரளவில்லை. ரொம்பச் சிரிப்பான இடம், ரொம்ப நிஜமான இடமும் கூட. ஜாஷ் பிறகு மெல்லக் காணாமல் போனான். ரான் மட்டும் எபிசோடுக்கு எபிசோட் கூடவே வந்துகொண்டிருந்தான்.

ரானுக்கும் அவளுக்கும் இடையில் ஏதாவது நடக்கும் போலத் தெரிந்தபோதெல்லாம் தொடர் ஒரு அழிப்பானைக் கையில் எடுத்தது. 2003இல் வந்த ‘எ சிட்ச் இன் டைம்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் ரானின் குடும்பம் நார்வேக்குக் குடிபெயர்கிறது. அவன் இல்லாத கிம் தடுமாறுகிறாள். ஷீகோ ஒரு மந்திரக் குரங்குச் சிலையை வைத்துக் காலத்தையே மாற்றி, எதிர்காலத்தில் உலகத்தை ஆள்கிறாள். கடைசியில் ரான் கையால் சிலை உடைகிறது, காலம் பழையபடி ஆகிறது, நடந்தது யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது சீசனில் ஒரு எபிசோடில் உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கருவி ஒன்று தெரியாமல் கிம்மின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதன் வேலையால் அவள் ரானைக் காதலிக்கிறாள். கருவி பழுதானால் காதலும் தீர்ந்தது. பாவம், ரான். ஆசையைக் காட்டியாகிவிட்டது, தொடரின் கணக்குப் புத்தகத்தில் எதுவும் ஏறவுமில்லை.

முதல் சீசன் 21, இரண்டாவது 30, மூன்றாவது 14. கூட்டினால் சரியாக 65. முடிவு வந்துவிட்டது என்று தெரிந்துதான் ஸ்கூலியும் மெக்கார்க்கிளும் ‘சோ த டிராமா’ படத்தை இறுதிக் கதையாகத் திட்டமிட்டார்கள். 2005 ஏப்ரல் 8 அன்று அது ஒளிபரப்பானது. எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது வில்லனின் திட்டம். இத்தனை நாள் இயந்திரங்களை நம்பித் தோற்ற டிராக்கன், இந்தத் தடவை பதின்வயதுப் பெண்களின் மனதை ஆராய்ச்சி செய்கிறான். கிம்மின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, எரிக் என்ற அழகான பையனைச் செய்து அவள் பள்ளிக்கு அனுப்புகிறான். எரிக்கிடம் ஒரு குறையும் கிடையாது. மனிதனும் கிடையாது, உள்ளே பச்சைத் திரவம் நிரப்பிய பொம்மை.

அதே நேரத்தில் துரித உணவுக் கடையில் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற பொம்மைகளில் ஏதோ சரியில்லை என்று ரான் கண்டுபிடிக்கிறான். அவன் சொல்வதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளவே எல்லோருக்கும் வசதியாக இருக்கிறது. அவனுக்குப் பொறாமை இருந்ததும் உண்மை. அவன் சொன்னது சரி என்பதும் உண்மை. சாகசக் கதையும் காதல் கதையும் ஒரே முடிச்சில் விழுந்தது இங்கேதான். வில்லனை ஜெயிக்க வேண்டுமென்றால் அவள் யாரை நம்புகிறாள் என்பதை முடிவு செய்தாக வேண்டும். கடைசியில் எரிக்கின் காலை ரூஃபஸ் கடிக்க, ஓட்டை விழுந்து அவன் வடிந்துபோகிறான். இருவரும் நடன விழாவுக்குத் திரும்பி, பள்ளியே பார்க்க முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இந்தத் தடவை அழிக்க மந்திரச் சிலையும் இல்லை, கருவியும் இல்லை.

ஒரு வேடிக்கை. இந்தப் படம் வந்த பிறகும் மூன்றாவது சீசனின் சில எபிசோடுகள் பாக்கி இருந்தன. அவற்றைச் சேனல் சாவகாசமாகப் பிறகு ஒளிபரப்பியது. முத்தமிட்டவர்கள் மறுபடி வெறும் நண்பர்களாக வந்து நின்றார்கள். வரிசை முக்கியமில்லை என்ற பழைய பழக்கம்.

ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை. ரசிகர்கள் இணையத்தில் கோரிக்கை வைத்தார்கள், விடாமல் எழுதினார்கள். டிஸ்னி தன் வழக்கத்தை மீறி 22 எபிசோடுகளுக்கு நான்காவது சீசனை அறிவித்தது. மொத்தம் 87. 2007 பிப்ரவரியில் தொடங்கியது.

இப்போது எழுதுபவர்களுக்கு வேறு சிக்கல். ஜோடி சேர்ந்துவிட்டால் கதை செத்துவிடும் என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பயம். 1985இல் தொடங்கிய மூன்லைட்டிங் தொடரில் துப்பறியும் ஜோடி ஒன்றுசேர்ந்த பிறகு தொடர் சரிந்ததை இன்றைக்கும் உதாரணம் காட்டுவார்கள். கிம் பாசிபிளின் நான்காவது சீசன் அந்தப் பயத்தை நேராகவே கையில் எடுத்தது. முதல் எபிசோடிலேயே ரானுக்குத் தாழ்வு மனப்பான்மை. கிம் மாதிரி ஒருத்திக்குக் கால்பந்து வீரன்தானே பொருத்தம் என்று நினைத்து, அவளுடைய போர் உடையை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்குகிறான். சிரிப்பாக இருக்கும். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். காதல் கிடைத்த பிறகு வருகிற கேள்வி அது: எனக்கு இதற்குத் தகுதி இருக்கிறதா?

2007 செப்டம்பர் 7 அன்று வந்த இறுதிக் கதையின் பெயர் ‘கிராஜுவேஷன்’. பள்ளி முடிகிறது. கிம்முக்குக் கல்லூரி காத்திருக்கிறது, ரானுக்கு ஒன்றும் தெளிவாக இல்லை. பள்ளியோடு நாமும் முடிந்துவிடுவோமா என்று பயப்படுகிறான். கடைசி செமஸ்டரில் இந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவருக்குப் பெங்களூரில் வேலை, இன்னொருவருக்கு ஊரில் வரன். நான்கு வருடக் காதலை யாரும் உடைக்க வேண்டியதில்லை, ஆஃபர் லெட்டரே போதும். கார்ட்டூனில் அந்தப் பயத்துக்கு நடுவில் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கிறார்கள். கிம் நினைவிழந்து கிடக்கும்போது, ஒன்றுமே முடியாதவன் என்று லிஃப்டில் பெயர் வைக்கப்பட்ட ரான்தான் தனக்குள் இருந்த குரங்குச் சக்தியால் அவர்களைத் தூக்கி எறிகிறான். உலகத்தைக் காப்பாற்றியதில் டிராக்கனுக்கும் பங்குண்டு, அவனுக்குப் பதக்கமே கிடைக்கிறது. பெயர்கள் போட்ட கோட்டைக் கதை ஐந்து வருடத்தில் தாண்டிவிட்டது.

அதே 2007இன் கடைசி மாதங்களில் மார்வெல் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் காமிக்ஸில் 1987இல் கல்யாணம் ஆகியிருந்தது. இருபது வருடம் கழித்து ‘ஒன் மோர் டே’ கதையில், மே அத்தையின் உயிருக்கு விலையாக மெஃபிஸ்டோ என்ற பிசாசு அந்தக் கல்யாணத்தையே கேட்கிறது. கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் நடந்ததே இல்லை என்று ஆகிவிடுகிறது. ரசிகர்கள் இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை. பீட்டரை மறுபடி தனியாள் ஆக்க வேண்டும் என்பது பதிப்பகத்தின் தேவை, பிசாசு வெறும் கருவி. 45 வயதான ஒரு பாத்திரத்தை முடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அவன் வாழ்க்கையிலிருந்து எதையாவது அவ்வப்போது அழித்தாக வேண்டியிருக்கிறது.

கிம்முக்கும் ரானுக்கும் அந்த நிலைமை வராததற்குக் காரணம், கறாரான அந்த 65தான் என்று நினைக்கிறேன். முடிவு தேதி தெரிந்ததால்தான் அந்த முத்தத்தை எழுதும் துணிச்சல் வந்தது. எழுதியதை ரசிகர்கள் காப்பாற்றியதால் அதற்குப் பிந்தைய 22 எபிசோடுகள் கிடைத்தன. வரம்பு இல்லாமல் வருடக்கணக்கில் ஓடியிருந்தால் ரான் இன்னும் நார்வேக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருப்பான்.

2019இல் டிஸ்னி இதை நிஜ நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தது. ஸ்கூலியும் மெக்கார்க்கிளும் எழுத்தில் இருந்தார்கள். அதில் கிம் உயர்நிலைப் பள்ளியில் முதல் நாள் காலடி வைக்கிறாள். ரான் நண்பன். டிராக்கன் மறுபடியும் ஒரு எந்திரத்தைப் பள்ளிக்கு அனுப்புகிறான், இந்தத் தடவை தோழியின் வடிவில். புது நடிகர்கள், புதுப் பார்வையாளர்கள், அதனால் புதுத் தொடக்கம், சரிதான். ஆனாலும் பழைய தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்த ரானைப் பார்த்ததும் ஒரு சின்ன வலி வரும். நாம் அவனோடு எவ்வளவு தூரம் போய்விட்டு வந்தோம் என்று அவனுக்குத் தெரியாது.